கணினிக் கேள்வி–பதில்: சொல்லாமல் கொள்ளாமல் அணையும் கணினி

கணினி தானாக அணைந்துபோகிறது, தானாகவே மறுபடி கிளம்புகிறது என்று ரங்கூனிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் இம்மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தொல்லை ஒன்றே போலத் தெரிந்தாலும் காரணங்கள் வெவ்வேறாக இருப்பதால், சில கடிதங்களை எடுத்துக்கொண்டு தனித்தனியே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெகுவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக்கணக்கு முழுவதும் ஒரு மேசைக் கணினியில்தான் இருக்கிறது. சில மாதங்களாக மாலை ஆறு மணிக்கு மேல் திரை சட்டென்று கறுத்து, கணினி தானாகவே மீண்டும் கிளம்புகிறது. எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. பகலில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் காட்டும் முள் மாலையில் 160 வோல்ட்டுக்கும் கீழே நிற்கிறது. பழுது பார்ப்பவர் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? — பெகு வாசகர்

பதில்: மதர்போர்டை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் ஒன்றுகூட மதர்போர்டைத் தனியாகச் சுட்டவில்லை. மாலையில் மட்டும் வருவது, எச்சரிக்கையின்றி வருவது, அந்த நேரத்தில் மின்னழுத்தம் இறங்கியிருப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மின்சாரத்தின் மேல்தான் சந்தேகம் போகிறது. ஆனாலும் ஊகத்தை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தான் எப்படி அணைந்தது என்பதை விண்டோஸ் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறது. எந்த உதிரிப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் அந்தக் குறிப்பைப் படித்துவிட வேண்டும் என்பதையே இப்பகுதியில் கடிதம் எழுதும் எல்லோருக்கும் நான் வலியுறுத்திச் சொல்வேன்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, தேடும் இடத்தில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சாளரம் திறக்கும். இடப்பக்கத்தில் ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதையும் அதற்குள் ‘சிஸ்டம்’ என்பதையும் திறந்து, வலப்பக்கத்தில் ‘ஃபில்டர் கரண்ட் லாக்’ என்பதை அழுத்தி, எண் கேட்கும் கட்டத்தில் 41, 1074, 6008 ஆகிய மூன்றையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். கணினி அணைந்த நேரங்கள் வரிசையாக வந்து நிற்கும். 1074 என்றிருந்தால் ஒரு மனிதரோ ஒரு மென்பொருளோ முறைப்படி கட்டளையிட்டு அணைத்திருக்கிறது. யார் கட்டளையிட்டது என்பதும் அதிலேயே இருக்கும். 6008 என்பது முந்தைய முறை கணினி எதிர்பாராமல் நின்றது என்பதைச் சொல்லும். 41 என்பது, முறையாக அணையாமலே கணினி மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த 41ஐத் திறந்து ‘டீட்டெயில்ஸ்’ பகுதிக்குப் போனால் ‘பக்செக்கோட்’ என்ற வரி இருக்கும். அங்கே பூச்சியம் இருந்தால், விண்டோஸ் எதையும் எழுதி வைக்க அவகாசமின்றி நின்றுபோயிருக்கிறது என்று பொருள். மின்சாரம் அறுந்திருக்கலாம், சூட்டினால் அணைந்திருக்கலாம், கணினி உறைந்தும் போயிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்து நின்றிருக்கிறது. 41ஐப் பார்த்த உடனே பவர் சப்ளை (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது தவறு, அந்த எண் நடந்ததைச் சொல்கிறதே தவிர, ஏன் நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

ஏன் என்பதை அறிய ஒரு வாரம் ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து, கணினி அணையும் நேரத்தையும் அப்போது முள் நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் சற்று நேரம் அதன் அருகிலேயே இருந்து காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். விளக்கு லேசாகச் சிமிட்டும். மின்னழுத்தம் இறங்கியதும் ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவும் சத்தம் அது. தாவும் அந்தச் சில மில்லி விநாடிகளுக்குக் கணினிக்கு மின்சாரம் கிடைப்பதில்லை. ‘டக்’ என்ற அதே நொடியில் கணினியும் அணைகிறது என்றால், பவர் சப்ளை அந்த இடைவெளியைத் தாங்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

நல்ல நிலையில் இருக்கும் பவர் சப்ளை, மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் தன் மின்தேக்கியில் இருக்கும் மிச்சத்தைக் கொண்டு சுமார் 16 அல்லது 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். நம் பர்மா நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி விநாடி ஆகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குறைந்த அவகாசம் என்பது விளங்கும். விலை குறைந்த பெட்டிகளோடு சேர்ந்து வரும் பவர் சப்ளையில், அதுவும் மின்தேக்கி பழையதாகிவிட்டிருந்தால், இந்த அவகாசம்கூடக் கிடைக்காது. பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிறிய சுவிட்சு உள்ள பழைய வகையாக இருந்தால், மின்னழுத்தம் இறங்க இறங்க மின்தேக்கியில் சேரும் மிச்சமும் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். மாலையில் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறதே என்று அந்தச் சுவிட்சை 115க்கு ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். இரவில் 230 திரும்பி வரும்போது பவர் சப்ளை வெடித்துப்போகும்.

ஆகவே உங்கள் கடைக்கு நான் சொல்வது இது. ஸ்டெபிலைசரின் தகட்டில் எவ்வளவு குறைந்த மின்னழுத்தம் வரை அது சமாளிக்கும் என்று எழுதியிருக்கும். உங்கள் மாலை அளவு அதற்குக் கீழே போனால் அந்த ஸ்டெபிலைசர் உங்கள் தெருவுக்குப் போதாது. பவர் சப்ளையை 100 முதல் 240 வரை ஏற்கும் நல்ல வகையாக மாற்றி, ஸ்டெபிலைசருக்கும் கணினிக்கும் நடுவில் லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்து, மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கொடுக்கும் பெட்டி) ஒன்றை வையுங்கள். கூடவே, கணினியைத் தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பில், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் இடத்தில் கேட்டிருக்கும். அங்கே ‘பவர் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் மாலையில் கணினி பாதி கிளம்பி மறுபடி அணைவது வன்தட்டுக்கும் உங்கள் கணக்குக் கோப்புக்கும் நல்லதல்ல. இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை என்றால் அப்போது மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: யுபிஎஸ் வாங்கி வைத்தும், மின்சாரம் போனவுடன் கணினியும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. என் அண்ணன் வீட்டில் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் பொருத்தியிருக்கிறார்கள். அங்கேயும் சில சமயம் இப்படி ஆகிறது. — ரங்கூன் வாசகி

பதில்: முதலில் உங்கள் யுபிஎஸ். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. 25 டிகிரி அளவில் குளிர்ச்சியாக இருக்கும் அறையில் அது மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரங்கூனின் சித்திரை வெயிலில், விசிறிகூட ஓடாத அறையின் மூலையில், மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸின் கதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதோடு, முழுவதும் தீர்ந்துபோன பேட்டரி மறுபடி நிரம்பப் பல மணி நேரம் ஆகிறது. மின்சாரம் சில மணி நேரம் வருவதும் சில மணி நேரம் போவதுமாக இருக்கும் நாட்களில் அது அரைகுறையாக நிரம்பி அரைகுறையாகவே தீர்ந்து, நாளடைவில் ஒரு நிமிடம்கூடத் தாங்காததாகிவிடுகிறது. மின்சாரம் போன பிறகும் வேலையைத் தொடர்வதற்கு என்று யுபிஎஸ்ஸை வைத்துக்கொள்ளாமல், கோப்பைச் சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியும். புதிய யுபிஎஸ் வாங்கத் தேவையில்லை.

அடுத்து, பெட்டியில் 650 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருப்பதை 650 வாட் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அந்த அளவு யுபிஎஸ் பலவற்றில் 360 முதல் 390 வாட் வரைதான் கிடைக்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. உங்கள் கணினியில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் சுற்று) கொண்ட பவர் சப்ளை இருந்தால், விலை மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையை அது சில சமயம் ஏற்காமல் அணைந்துவிடும். அப்படிப்பட்ட கணினிக்குப் ப்யூர் சைன் வேவ் (படிக்கட்டாக இல்லாமல் சீராக வளைந்து வரும் மின்னலை) வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

அண்ணன் வீட்டு இன்வெர்ட்டர் சங்கதி வேறு. வீட்டுக்கு வைக்கும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ‘அப்ளையன்ஸ்’ என்றும் ‘யுபிஎஸ்’ என்றும் இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவதில் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற 20 மில்லி விநாடி ஆகும். இரண்டாவதில் 10 போதும். பவர் சப்ளை தாங்குவது 16, 17 மில்லி விநாடிதான் என்று மேலே எழுதியிருந்தேன். ஃப்ரிட்ஜும் விளக்கும் 20 மில்லி விநாடியைப் பொருட்படுத்துவதில்லை. கணினிக்குத்தான் அது எட்டாத தூரம். பொருத்துபவர்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டுப் போய்விடுகிறார்கள். அமைப்புப் பட்டியலுக்குப் போய் ‘யுபிஎஸ்’ என்று மாற்றினால் போதும், ஒரு காசு செலவில்லை. ஆனால் ஒன்று: யுபிஎஸ் அமைப்பில் அத்தகைய இன்வெர்ட்டர்கள் ஏறத்தாழ 170 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறிவிடும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருவாக இருந்தால், மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். அங்கே இன்வெர்ட்டரை அப்ளையன்ஸில் விட்டுவிட்டு, கணினிக்கு மட்டும் சிறிய யுபிஎஸ் வைப்பதே நல்லது.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். ஜூமில் வகுப்பு நடக்கும்போது இருபது நிமிடத்தில் லேப்டாப் அணைந்துவிடுகிறது. சார்ஜர் செருகியே இருக்கிறது. உடனே போட்டால் கிளம்புவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்புகிறது. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பயனில்லை. — தன்லின் மாணவர்

பதில்: தம்பி, சற்று ஆறிய பிறகுதான் கிளம்புகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே போதும், இது சூடு. செயலியின் வெப்பம் ஏறினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதன் பிறகும் ஏறி ஏறத்தாழ 100 டிகிரியையும் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் இதற்குத் தீர்வு வராது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வகுப்பு நடக்கும்போதே வெப்பத்தைப் பாருங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் 95ஐத் தாண்டினால் சந்தேகம் தீர்ந்தது.

இதற்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். லேப்டாப்பின் விசிறிக்கும், காற்று வெளியேறும் துளைக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பின் பற்கள்போல நெருக்கமாக நிற்கும். தூசி அந்தத் தகடுகளின் வெளிப்பக்கத்தில் படிவதில்லை. விசிறியைப் பார்த்த உள்பக்கத்தில், சாம்பல் நிறக் கம்பளித் துணியாக ஒட்டிப் படிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் துளை சுத்தமாகவே தெரியும். வெளியிலிருந்து ஊதினால் அந்தக் கம்பளம் பெயர்ந்து விசிறிக்குள் போய் விழும். அடிமூடியைக் கழற்றி, விசிறியை எடுத்து, அந்தப் படலத்தை ஒரு மென்மையான தூரிகையால் உரித்தெடுப்பதே முறை. விசிறியின் மீது காற்றடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிவேகமாகச் சுழன்றால் அதன் அச்சு கெட்டுவிடும். பழைய லேப்டாப் என்றால் செயலிக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி வைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் கடையில் கொடுங்கள், ஆனால் அவர் மூடியைத் திறந்து தகடுகளின் உள்பக்கத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

மூடியைத் திறந்திருக்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலே எழும்பி நிற்பதும் அதன் அடையாளம். உப்பியிருந்தால் அந்த பேட்டரியோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். வகுப்பு நேரத்தில் மெத்தை மீதோ தலையணை மீதோ லேப்டாப்பை வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பார்க்க எழுந்துபோய்விட்டு வருவதற்குள் கணினி தானாகவே அணைந்து கிளம்பியிருந்தது, தட்டியதெல்லாம் போய்விட்டது. மின்சாரம் போகவில்லை. — மோல்மேன் ஆசிரியை

பதில்: ஆசிரியை அவர்களே, வினாத்தாளை மறுபடி தட்டும் வேதனை எனக்குப் புரிகிறது. இது விண்டோஸ் அப்டேட்டின் வேலையாக இருக்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துக்கு 1074 என்ற குறிப்பும், அதில் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ போன்ற ஒரு பெயரும் இருந்தால் உறுதியாகிவிடும். ‘செட்டிங்ஸ்’ போய் விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்பதைத் திறந்து, நீங்கள் கணினியில் வேலை செய்யும் நேரத்தை நீங்களே எழுதுங்கள். 18 மணி நேரம் வரை கொடுக்கலாம், அந்த நேரத்துக்குள் அது தானாக அணைந்து கிளம்பாது. தேர்வு நெருங்கும் நாட்களில் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கவும் அங்கேயே வழி உண்டு. ஃபோன் வழியாக இன்டர்நெட் எடுப்பவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவோடு பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்கள் தாமாக இறங்குவதும் பெரும்பாலும் நின்றுவிடும், டேட்டாவும் மிச்சம்.

அப்டேட்டை ஒரேயடியாக முடக்கிவிடும் மென்பொருள்களைப் பலரும் சொல்வார்கள்; அந்த வழிக்குப் போகாதீர்கள். மாணவர்களின் பென்டிரைவ் வந்துபோகும் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அவசியம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

தட்டிய பாடம் போகாமலிருக்க, வேர்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ என்று போனால் தானாகச் சேமிக்கும் இடைவெளி பத்து நிமிடம் என்றிருக்கும். அதை ஒன்றாக மாற்றுங்கள். ஆனால் புதிய கோப்பைத் திறந்தவுடன், முதல் வரியைத் தட்டுவதற்கு முன்னாலேயே, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுவதுதான் இதைவிடப் பெரிய காவல்.

கேள்வி: ஒரு நொடி நீலத் திரை வந்து போகிறது, படிப்பதற்குள் கணினி மறுபடி கிளம்பிவிடுகிறது. — தட்டோன் வாசகர்

பதில்: ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் குறியை எடுத்துவிடுங்கள், திரை நின்று, ஸ்டாப் கோடு என்ற பெயரைப் படிக்கலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்பில் அது நீலமாக இல்லாமல் கறுப்பாக வரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் கணினியின் தற்காலிக நினைவகமான ராமைச் சந்தேகியுங்கள்: ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்பதை ஓடவிட்டுப் பாருங்கள், ராம் பட்டைகளை ஒன்றொன்றாகக் கழற்றிப் போட்டும் பாருங்கள். ஒரே பெயரே திரும்பத் திரும்ப வந்து, அதோடு ஒரு கோப்பின் பெயரும் தெரிந்தால் அது அநேகமாக டிரைவர் (ஓர் உறுப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்). அண்மையில் போட்ட டிரைவரையோ வைரஸ் தடுப்பு மென்பொருளையோ எடுத்துவிட்டுப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இப்படித்தான் விழுந்தன; அவற்றின் வன்பொருளில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை.

கேள்வி: கடையில் விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கினேன். சில மாதம் நன்றாக ஓடியது. இப்போது கடிகாரம் வைத்ததுபோல ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அணைகிறது. — ரங்கூன் வாசகர்

பதில்: திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் ‘இவால்யுவேஷன் காப்பி’ என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். விண்டோஸ் என்டர்பிரைஸ் பதிப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக 90 நாளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கெடு முடிந்ததும் அது மணிக்கு ஒரு முறை தானே அணையும்படி அமைத்திருக்கிறார்கள். 1074 குறிப்பில் உரிமக் காலம் முடிந்தது என்ற வாசகமே இருக்கும். இந்தச் சோதனைப் பதிப்பை அப்படியே உரிமம் பெற்ற பதிப்பாக மாற்ற முடியாது. கோப்புகளை வெளித்தட்டில் நகலெடுத்துக்கொண்டு, உரிமத்தோடு கூடிய ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் புதிதாகப் போட வேண்டும். அணைந்து கிளம்பிய பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் முதலில் படங்களையும் கணக்குகளையும் நகலெடுங்கள். பெரிய கோப்புகள் நகலாகி முடிவதற்குள் மணி ஆகிவிட்டால் அந்தக் கோப்பு பாதியில் நிற்கும், ஆகவே அவற்றைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து அனுப்புங்கள்.